மே மாத வெயிலில் போட்ட கான்கிரீட் தெரு: ரெடிமிக்ஸ், ஒப்பந்தக்காரர், க்யூரிங் – ஒரு வருடம் கழித்து

வேலூரில் இருப்பவர்களுக்கு மே மாதத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் குடியிருப்பு காட்பாடிப் பக்கம். உள் தெருக்கள் இன்னும் ஊராட்சியிடம் ஒப்படைக்கப்படாததால் சாலை போடுவது எங்கள் சங்கத்தின் சொந்தச் செலவு, சங்கத்துக்குச் செயலாளர் நான். போன வருடம் அக்னி நட்சத்திரத்துக்குள் இரண்டு தெருக்களுக்குக் கான்கிரீட் போட்டோம். ஒரே ஒப்பந்தக்காரர், ஒரே ரெடிமிக்ஸ் (பிளான்ட்டில் கலந்து லாரியில் வரும் கான்கிரீட்) கம்பெனி, ஒரே எம்30 (கான்கிரீட்டின் வலுவைக் குறிக்கும் தரம்) கலவை, இடையில் பதினெட்டு நாள்தான் வித்தியாசம். இன்று முதல் தெருவில் நடந்தால் செருப்பில் வெள்ளைத் தூசி ஒட்டுகிறது, மூன்று இடத்தில் விரிசல், தெருமுனையில் ஒரு மூலை உடைந்தே போயிற்று. இரண்டாவது தெரு போட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. ஒப்பந்தக்காரர் பெயரையும் கம்பெனி பெயரையும் எழுதப் போவதில்லை. வேலையை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த வருடமும் மே மாதத்தில் தெரு போடுகிற சங்கங்கள் நிறைய இருக்கும், அவர்களிடமும் யாராவது "வண்டி விட மூணு நாள் போதும்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் ரெடிமிக்ஸ். முதல் தெரு 110 மீட்டர் நீளம், பன்னிரண்டு அடி அகலம், ஆறு அங்குல கனம். கிட்டத்தட்ட 60 கன மீட்டர், பத்து லோடு. வண்டிகள் சொன்ன நேரத்துக்கு வந்தன, டிரைவர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள், ஒவ்வொரு லோடுக்கும் டெலிவரி சலான் கையில் வந்துவிடும். அந்தச் சலானில் கலவை எத்தனை மணிக்கு ஏற்றப்பட்டது என்று இருக்கும், அதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்க்காத ரெடிமிக்ஸை ஏற்றியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும் என்று ஐ.எஸ். 4926 என்ற இந்தியத் தர விதி சொல்கிறது. பிளான்ட்டிலிருந்து எங்கள் இடத்துக்கு நாற்பது நிமிடம்தான், ஆனாலும் ஏழாவது லோடு பைபாஸில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. அதற்குள் வெயில் ஏறிவிட்டது, கலவை சட்டென்று இறங்கவில்லை, மேஸ்திரி டிரைவரைப் பார்த்து "தண்ணி விடுப்பா" என்றார், அவரும் டிரம்மில் ஹோஸைத் திறந்துவிட்டார். எனக்கு அப்போது தெரியாது. அந்தத் தண்ணீர் கலவையை இளக்கும், வேலையைச் சுலபமாக்கும், ஆனால் சிமெண்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைக் கெடுத்து வலுவைக் குறைத்துவிடும். இன்று அந்த ஏழாவது லோடு விழுந்த இடத்தில்தான் தூசி அதிகம். பிளான்ட்டில் குற்றம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை, கலவை நல்ல கலவை, ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒரு மதிப்பெண் குறைந்தது, ஹோஸைத் திறக்க மாட்டேன் என்று டிரைவர் சொல்லாததற்காக. இரண்டாவது தெருவுக்கு முன்கூட்டியே சொன்னோம், செட்டாகும் நேரத்தைத் தள்ளிப்போடும் ரசாயனம் சேர்த்து அனுப்பினார்கள், பிரச்சினையே வரவில்லை.

ஒப்பந்தக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ஆள் சுறுசுறுப்பு, மட்டம் பார்ப்பதில் கெட்டிக்காரர், தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிற மாதிரி சரிவு அருமையாக வந்திருக்கிறது. ஆனால் க்யூரிங், அதாவது போட்ட கான்கிரீட்டை ஈரம் போகாமல் காப்பது, அவர் கணக்கில் வேலையே இல்லை. கொட்டி, வைப்ரேட்டர் விட்டு, மட்டப்பலகை இழுத்து, துடைப்பத்தால் கோடு போட்டதோடு அவருக்குத் தெரு முடிந்தது. காலை ஐந்தரைக்கு ஆரம்பித்த வேலை பதினொன்றரைக்கு முடிந்தது. க்யூரிங் காம்பவுண்ட் (ஈரம் ஆவியாகாமல் மேலே அடிக்கும் திரவம்) அடிப்பதாக விலைப்பட்டியலில் எழுதியிருந்தார். அடித்தார்தான், மதியம் மூன்று மணிக்கு, ஆட்கள் சாப்பிட்டுப் படுத்து எழுந்த பிறகு. காலை ஏழு மணிக்கு முடித்த பகுதி அதற்குள் எட்டு மணி நேரம் வெயிலில் திறந்து கிடந்தது.

அன்று மாலையே தெருவில் மெல்லிய கீறல்கள் தெரிந்தன, விரல் நீளம், முழ நீளம், ஒன்றுக்கொன்று இணையாக. "மேடம், அது சும்மா மேல் கீறல், இந்த வெயிலுக்கு மூணே நாள்ல கல்லு மாதிரி ஆயிடும், வண்டி விட்டுக்கலாம்" என்றார்.

என் சித்தப்பா மகன் நெடுஞ்சாலை வேலைகளில் சைட் இன்ஜினியர். படம் அனுப்பியதும் அடுத்த நிமிடம் போன் செய்தான். "அக்கா, இது மூணு நாள்ல வர்ற கீறல் இல்ல, முதல் மூணு மணி நேரத்துல வந்தது" என்றான். கான்கிரீட் போட்டதும் உள்ளிருக்கும் தண்ணீர் கொஞ்சம் மேலே கசிந்து வரும், மேற்பரப்பு பளபளவென்று இருக்கும். அந்தப் பளபளப்பு போகிற நேரத்தில் காம்பவுண்ட் அடிக்க வேண்டும். வெயிலும் காற்றும் சேர்ந்தால் கசிந்து வருவதைவிட வேகமாகத் தண்ணீர் ஆவியாகும், மேல்தோல் மட்டும் சுருங்கும், கீழே இருப்பது இன்னும் குழைவாக இருக்கும், தோல் கிழியும். ஒரு சதுர மீட்டரில் மணிக்கு ஒரு கிலோ தண்ணீர் ஆவியானாலே இந்த ஆபத்து என்பது அவர்கள் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்காம். இதில் வெயிலைவிடக் காற்றைப் பார்த்துத்தான் அவன் அதிகம் பயப்படுகிறான். எங்கள் தெரு மேற்கே திறந்த வயல், மதியம் அனல் காற்று நேராக வரும்.

இனி "வெயிலில் சீக்கிரம் செட்டாகும்" என்ற பேச்சு. இதில் பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஏமாற்றுகிறது. சூட்டில் சிமெண்ட் வேகமாக வினைபுரியும், ஆகவே முதல் இரண்டு மூன்று நாளில் வலு நிஜமாகவே வேகமாக ஏறும், தட்டினால் கணீர் என்று சத்தம் வரும். ஆனால் சூட்டில் அவசரமாக இறுகிய கான்கிரீட்டின் 28 நாள் வலு, மிதமான சூட்டில் நிதானமாக இறுகியதைவிடக் குறைவாகத்தான் நிற்கும். அதோடு தண்ணீரும் போய்விட்டால் வினையே நின்றுவிடும். உள்ளிருக்கும் ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சிமெண்ட் ஏறக்குறைய வேலை செய்வதை நிறுத்திக்கொள்ளும் என்று தம்பி சொன்னான். காய்வதும் இறுகுவதும் ஒன்று என்று நாம் நினைக்கிறோம். சேறு காய்ந்து கெட்டியாவதைப் பார்த்தே வளர்ந்ததால் இருக்கலாம். கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துக் குடித்து இறுகுகிறது. அப்புறம் இன்னொன்று, இப்போது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி., அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட். அது கடைசியில் நல்ல வலு தரும், ஆனால் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் ஏறும், அதற்கு ஈரம் இன்னும் அதிக நாள் வேண்டும். ஐ.எஸ். 456 சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் க்யூரிங் என்கிறது, கலப்பு சிமெண்டுக்கும் உலர்ந்த வெயில் காலத்துக்கும் குறைந்தது 10 நாள், கலப்பு சிமெண்டுக்கு அதை 14 நாளாக நீட்டலாம் என்றும் சொல்கிறது. எங்களுக்கு இரண்டும் பொருந்தும், கலப்பு சிமெண்டும் சரி, வேலூர் மே மாதமும் சரி.

முதல் தெருவில் நாங்கள் என்ன செய்தோம்? காலையிலும் மாலையிலும் ஹோஸால் தண்ணீர் தெளித்தோம். அவ்வளவுதான். காலை எட்டு மணிக்குத் தெளித்தது ஒன்பதரைக்குக் காய்ந்துவிடும், மாலை ஐந்து வரை அது வெறும் தோசைக்கல். நனைந்து காய்ந்து நனைந்து காய்வது க்யூரிங்கே இல்லை, அது மேற்பரப்பைப் படுத்தும் பாடு.

ஜாயின்ட் கட்டிங்கும் தாமதம். கட்டர் மெஷின் வேறு சைட்டில் இருக்கிறது என்று சொல்லி அடுத்த நாள் மாலை வந்து வெட்டினார்கள், முப்பது மணி நேரம் கழித்து. கான்கிரீட் சுருங்கத்தான் செய்யும், நாம் வெட்டிக் கொடுக்கிற கோட்டில் அது விரிசல் விட்டுக்கொள்ளட்டும் என்பதற்குத்தான் அந்தக் கோடு. வெயில் காலத்தில் ஓரம் உடையாமல் வெட்ட முடிகிற அளவுக்கு இறுகியதுமே, சில சமயம் ஆறு ஏழு மணி நேரத்திலேயே, வெட்டிவிட வேண்டும். கனத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு ஆழம். எங்கள் தெருவில் மெஷின் வருவதற்குள் கான்கிரீட் தானே இரண்டு இடத்தில் கோடு போட்டுக்கொண்டது, அதுவும் குறுக்கே கோணலாக.

நாலாவது நாள் தண்ணீர் லாரி வந்தது. இதை யார் மேல் சொல்ல? எங்கள் தெருக்களுக்குக் கோடையில் லாரித் தண்ணீர்தான், சம்ப் காலி, மூன்று நாள் முடிந்துவிட்டது என்று ஒப்பந்தக்காரரே தடுப்பை எடுத்துவிட்டார். 12,000 லிட்டர் லாரி என்றால் தண்ணீர் மட்டும் 12 டன், வண்டியையும் சேர்த்தால் இருபது டன் பக்கம். தெருமுனையில் திரும்பும்போது பின் சக்கரம் சரியாகக் கான்கிரீட்டின் மூலை மேல் ஏறி இறங்கியது. சாலைப் பலகையில் நடுப்பகுதி பலமானது, ஓரம் பலவீனம், மூலை எல்லாவற்றையும்விட பலவீனம். சத்தம் எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து அந்த மூலையில் முக்கோணமாக ஒரு கோடு தெரிந்தது, ஆடி மாதத்துக்குள் அந்த முக்கோணம் ஆட ஆரம்பித்துவிட்டது.

இந்தத் தெருவுக்காக ஒப்பந்தக்காரருக்கு ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் மட்டத்துக்கு.

இரண்டாவது தெருவுக்கு ஆளை மாற்றலாமா என்று கூட்டம் போட்டோம், அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, அவரும் வந்து உட்கார்ந்து பேசினார், தப்பை ஒத்துக்கொண்டார். ஆகவே அவரையே வைத்துக்கொண்டோம், ஆனால் நிபந்தனைகளை எழுதி வாங்கினோம். வேலை மாலை ஐந்து மணிக்கு மேல் ஆரம்பிக்க வேண்டும், கட்டர் மெஷின் முதல் லோடுக்கு முன்பே சைட்டில் இருக்க வேண்டும், காம்பவுண்டை முடித்த பகுதியில் உடனுக்குடன் அடித்துக்கொண்டே போக வேண்டும், கடைசித் தவணைப் பணம் 28 நாள் முடிந்து க்யூப் ரிசல்ட் (அதே கலவையில் வார்த்த கட்டியை லேபில் உடைத்து வலு பார்ப்பது) பார்த்த பிறகுதான். கடைசி நிபந்தனைக்கு மட்டும் முகம் சுளித்தார், அப்புறம் சரி என்றார். விளக்குக் கட்டி இரவு பதினொன்றரை வரை வேலை நடந்தது. போடுவதற்கு முன்னால் அடியில் உள்ள ஜல்லிப் படுகையை நனைத்தார்கள், தண்ணீர் தேங்காமல் ஈரமாக மட்டும், மேலே பாலித்தீன் ஷீட். இராத்திரி போடுவதால் அடுத்த நாள் உச்சி வெயில் வருவதற்குள் பன்னிரண்டு மணி நேரம் கிடைத்துவிடுகிறது, இதை நான் வெகுவாகப் பரிந்துரைக்கிறேன். பக்கத்து வீடுகளுக்குத் தூக்கம் போகும், முன்னாடியே சொல்லிவிடுங்கள்.

க்யூரிங் காம்பவுண்ட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கடைக்காரர்கள் அதைத் தண்ணீருக்கு மாற்று என்று விற்கிறார்கள். நாங்கள் வாங்கியது மெழுகு வகை, வெள்ளை நிறம். வெள்ளை என்பதால் இரண்டு லாபம்: வெயிலைத் திருப்பி அனுப்பும், எங்கே அடிக்காமல் விட்டோம் என்பதும் கண்ணுக்குத் தெரியும். ஒரு லிட்டர் சுமார் ஐந்து சதுர மீட்டருக்கு வரும், எங்கள் முதல் தெருவின் கிட்டத்தட்ட 400 சதுர மீட்டருக்கு 80 லிட்டர் ஆகியிருக்க வேண்டும். அந்தத் தெருவில் காலி கேன்களை எண்ணியபோது நாற்பது லிட்டர்தான் போயிருந்தது, மீதிக்குத் தண்ணீர் கலந்து அடித்திருக்கிறார்கள். கேன்களை நீங்களே எண்ணுங்கள். சரியான நேரத்தில், சரியான அளவில் அடித்தால் இது நல்ல பொருள், முதல் இரவைக் காப்பாற்றிக் கொடுத்தது இதுதான். ஆனால் இந்த ஊர் மே மாதத்துக்கு இது மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியாது. ஐந்துக்கு மூன்றரை.

சாக்குக்கு ஐந்துக்கு ஐந்து! பழைய சணல் சாக்குகளை மண்டித் தெருவில் மொத்தமாக வாங்கினோம், பிரித்து இரண்டு இரண்டாகத் தைத்தோம், காலையில் கான்கிரீட் மேல் விரித்து நனைத்துவிட்டு அதன் மேல் பாலித்தீன் ஷீட்டைப் போட்டு ஓரத்தில் செங்கல் வைத்தோம். ஷீட் இல்லாமல் வெறும் சாக்கு மட்டும் போட்டால் ஒரு நாளைக்கு ஐந்து முறை நனைக்க வேண்டியிருக்கும். ஷீட் போட்டதால் காலை ஒரு முறை, மாலை ஒரு முறை போதுமானதாக இருந்தது, மதியம் இரண்டு மணிக்குக் கையை உள்ளே விட்டுப் பார்த்தால் சாக்கு சொட்டச் சொட்ட ஈரம். தண்ணீரும் மிச்சம். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது இன்னும் நல்லது என்பார்கள், மொட்டைமாடிக்குச் சரி, சரிவான தெருவில் தண்ணீர் நிற்காது. பதினான்கு நாள் இதைச் செய்தோம். செய்தது யார் என்றால் வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து, பெரும்பாலும் பெண்களும் ரிடையர் ஆன பெரியவர்களும். எதிர்வீட்டு அத்தை ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை.

உண்மையான சிரமம் சிமெண்டில் இல்லை, இருபத்தெட்டு நாள் தெருவை மூடி வைத்துக்கொண்டு வாழ்வதில் இருக்கிறது. இதைச் சொல்லாமல் "28 நாள் பொறுங்கள்" என்று மட்டும் எழுதினால் அது யாருக்கும் உதவாது. நாங்கள் செய்தது இது. கார்களை எல்லாம் முந்தின இரவே முதல் தெருவுக்கும் கோயில் மைதானத்துக்கும் மாற்றினோம். தெருவின் ஒரு ஓரத்தில் மூன்று அடி மண் பாதை விட்டிருந்ததால் நடக்கவும், சிலிண்டர் உருட்டவும், ஒரு நாள் ஒரு பாட்டியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகவும் வழி இருந்தது. அந்தப் பாதை இல்லாவிட்டால் அகலத்தில் பாதிப் பாதியாகப் போடுவதுதான் வழி. தண்ணீர் லாரியைத் தெருமுனைக்கு வெளியே நிறுத்தி, 200 அடி ஹோஸ் வாடகைக்கு எடுத்து ஒவ்வொரு சம்ப்பாக நிரப்பினோம். லாரிக்காரர் முதலில் முறைத்தார், ஒரு நடைக்குக் கொஞ்சம் அதிகம் கேட்டார், கொடுத்தோம். உடைந்த மூலையைச் சரிசெய்யக் கேட்ட தொகையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. தடுப்புக்கு வெறும் கயிறு கட்டாதீர்கள், பைக்கில் வருபவர்கள் தூக்கிவிட்டுப் போவார்கள். இரண்டு பக்கமும் மணல் மூட்டைகளை அடுக்கி, எந்தத் தேதியில் திறக்கும் என்று பெரிதாக எழுதி வைத்தோம். தேதி தெரிந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

வண்டி விட்டது எப்படி என்றால், அடுத்த நாளே சாக்கு விரிக்க நடந்தோம், எட்டாம் நாளிலிருந்து அவசரத்துக்கு சைக்கிளும் ஸ்கூட்டரும், அதுவும் ஷீட் மேலேயே மெதுவாக. பதினைந்தாம் நாள் சாக்கை எடுத்த பிறகு கார். தண்ணீர் லாரி, ஸ்கூல் பஸ், மணல் வண்டி எல்லாம் 28 நாள் முடிந்து, ஜாயின்ட்டில் ஃபில்லர் அடைத்த பிறகுதான். நெடுஞ்சாலை வேலைகளில் பொதுவாக வைத்திருக்கும் கெடுவும் அந்த 28 நாள்தான். காரைப் பதினைந்தாம் நாள் விட்டது நாட்காட்டியைப் பார்த்து மட்டும் இல்லை, க்யூப் ரிசல்ட்டையும் பார்த்துத்தான். இதில் ஒரு நுணுக்கம் தம்பி சொல்லித் தெரிந்தது. லேபுக்குப் போகும் க்யூப் 27 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் சுகமாக இருக்கும், தெருவோ வெயிலில் கிடக்கும். லேப் க்யூப் நல்ல ரிசல்ட் கொடுத்தால் பிளான்ட் அனுப்பிய கலவை நல்லது என்று அர்த்தம், தெரு தயார் என்று அர்த்தம் இல்லை. ஆகவே கூடுதலாக மூன்று க்யூப் எடுத்து, தெரு ஓரத்தில் அதே சாக்குக்கு அடியிலேயே வைத்திருந்து, பதினான்காம் நாள் கொண்டுபோய் உடைத்துப் பார்த்தோம். பார்த்த பிறகுதான் மணல் மூட்டையில் ஒரு பக்கத்தை விலக்கினோம். க்யூபுக்கு ஆன செலவு ஒரு சாக்குக் கட்டின் விலைகூட இல்லை, எல்லோரும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பதினைந்து நாள்கூடத் தெருவை மூட முடியாது, ஆஸ்பத்திரி இருக்கிறது, கடைகள் இருக்கின்றன என்றால் மே மாதத்தில் கான்கிரீட் போடாதீர்கள், கார்த்திகை மார்கழி வரை காத்திருந்தாலும் நாள் கணக்கு பெரிதாகக் குறையாது, காயும் பயம்தான் குறையும். அந்த இடங்களுக்கு பேவர் பிளாக் யோசிக்கலாம், அது பதித்து இறுக்கிய அன்றே வண்டி தாங்கும். சீக்கிரம் வலு ஏறும் தனிக் கலவையும் உண்டு, விலை அதிகம், அதையும் பிளான்ட்டோடு முன்கூட்டியே பேசி, க்யூப் உடைத்துப் பார்த்துத்தான் திறக்க வேண்டும்.

இந்த மே மாதம் எங்கள் மூன்றாவது தெரு. அதே ஒப்பந்தக்காரர்தான், இந்த முறை விலைப்பட்டியலில் "14 நாள் சாக்கு க்யூரிங், ஆள் கூலி உட்பட" என்று அவரே எழுதிக் கொண்டுவந்தார். சாக்குகளைப் போன வருடமே துவைத்துக் காயவைத்து சங்க அறையில் அடுக்கி வைத்திருக்கிறோம், 200 அடி ஹோஸும் சொந்தமாக வாங்கிவிட்டோம். ஜூன் நடுவில் எங்கள் வேலை முடிந்துவிடும். காட்பாடிப் பக்கம் வேறு சங்கம் ஏதாவது தெரு போடுவதாக இருந்தால் அதற்கு அப்புறம் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், கழுவித் திருப்பிக் கொடுத்தால் போதும்.